எந்தத் துணி எடுப்பார்கள்?

நறுக்கிய பாவக்காயில் உப்பு போட்டுப் பிசறி வைத்தால் கொஞ்ச நேரத்தில் அது தண்ணீர் விட்டுவிடும். எங்கள் அடுக்களையில் அடிக்கடி நடக்கிற காரியம்தான். அன்றைக்கு அம்மா பிசறி வைத்துவிட்டு முற்றம் பெருக்கப் போயிருந்தாள். சாயா போட உள்ளே போன நான் சும்மா அந்தப் பாத்திரத்தைச் சரித்துப் பார்த்தேன். காய் சுருண்டு கிடந்தது. அடியில் பச்சையாகத் தண்ணீர் தளும்பியது. சாயாவை மறந்து பின்வாசலுக்கு ஓடினேன்.

"அம்மா! டயப்பருக்கு உப்பு போடலாம்!"

அம்மா விளக்குமாற்றை நிறுத்தாமலே கேட்டாள்: "ஊறுகா போடப் போறியா மக்கா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. ஏனென்றால் அப்பா தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டிருந்தார்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். காட்டாக்கடை, பாலராமபுரம் என்று ஊர் ஊராகக் கூவி, ஏறுகிறவரின் முகத்தைப் பார்த்த உடனே தமிழா மலையாளமா என்று தீர்மானித்து அந்த மொழியிலேயே டிக்கெட் கொடுக்கிறவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் தளர்ந்த பிறகும் குரல் அவ்வளவாகக் குறையவில்லை. காலையில் அம்மாவையும் சுவரையும் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போய் வந்துவிடுவார். மூத்திரம்தான் அவர் சொன்னபடி கேட்பதில்லை. அதனால் டயப்பர்.

எங்கள் வீட்டில் அதை டயப்பர் என்று சொல்வதில்லை. துணி என்போம். அம்மாவும் நானும் மாதாமாதம் வைப்பதற்கும் அதுதான் பெயர். கடையில் பாக்கெட்டாக வாங்க ஆரம்பித்து எத்தனையோ காலமாகிவிட்டது, பெயர் மட்டும் துணியாகவே நின்றுவிட்டது. அப்பாவுக்கு வந்ததும் அதே பெயரில் போய்ச் சேர்ந்துகொண்டது. "அப்பாக்குத் துணி மாத்தியாச்சா?" என்று விருந்தாளிகள் முன்னால்கூடக் கேட்கலாம், அவர்கள் வேட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். நல்ல வசதியான சொல். அந்த வசதிதான் பிறகு எங்களை வாசல் கேட்டில் மாட்டிவிட்டது.

மாற்றிய துணியை என்ன செய்வது என்பதுதான் வீட்டின் பெரிய கேள்வி. எரித்துப் பார்த்தோம். தென்னோலையும் சிரட்டையும் போட்டு மூட்டினால் மேல்தோல் உருகி ஒழுகும், உள்ளே இருக்கிற ஜெல் கூழாகக் கிடந்து சீறும், புகை நேராகப் பக்கத்து வீட்டு மாமியின் படுக்கையறைக்குப் போகும். மாமி சன்னல் கதவை அடைக்கிற சத்தம் மட்டும் கேட்கும். புதைத்துப் பார்த்தோம். கிணறு பக்கத்தில் இருக்கிறதே என்று தள்ளிப் போய், ரப்பர் மரங்களுக்கு இடையில் குழி எடுத்தோம். நாய் தோண்டி எடுத்து ரோட்டுக்குக் கொண்டுபோய் விளையாடியது. அதைத் திரும்பப் பொறுக்கி எடுக்க அம்மா முக்காடு போட்டுக்கொண்டு போனாள்.

கால்வாய்க்கரையில் வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். பைக் வேகம் குறையும், ஒரு பொதி பறக்கும், பைக் போய்விடும். எல்லைக்கு அந்தப் பக்கம் கேட்டால் எல்லாம் கேரளாக்காரன் போடுவது என்பார்கள். இந்தப் பக்கம் கேட்டால் தமிழ்நாட்டுக்காரன் என்பார்கள். தமிழ் பேசிக்கொண்டு கேரள ரேஷன் கார்டில் அரிசி வாங்குகிற எங்களை இரண்டு பேருக்கும் சந்தேகம். "குப்பைக்கு என்னத்துக்கு பாஷ?" என்று மாமி ஒரு முறை சொன்னாள்.

அம்மா வீசமாட்டாள். ஒவ்வொன்றையும் பத்திரிகைத் தாளில் சுருட்டி, நூல் கட்டி, விறகுப்புரையில் ஒரு சாக்கில் சேர்த்துவைக்க ஆரம்பித்தாள். பரிசுப்பொருள் மாதிரி அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். சாக்கு நிறைந்தது. இன்னொன்று தொடங்கியது.

எங்கள் பஞ்சாயத்தில் மாதம் ஒரு முறை பச்சைக் கோட்டு போட்ட சேச்சிமார் வந்து கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை எடுத்துப் போவார்கள். பிளாஸ்டிக்கோடு ஒரு மாதம் கண்ணாடி, ஒரு மாதம் பழைய செருப்பு என்று முறை வைத்து வேறு சாமான்களும் எடுப்பார்கள். அந்த மாதம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு மலையாளத்தில் சொல்லிப் போனார்கள்: பழைய துணிகள் எடுக்கப்படும், சாக்கில் கட்டி வைக்கவும்.

அம்மா அடுக்களையிலிருந்து இதைக் கேட்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள்.

அடுத்த நாள் சேச்சிமார் வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். அம்மா சாக்கைத் தானே இழுத்துக்கொண்டு வந்து கேட்டருகில் வைத்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். ஒரு சேச்சி சாக்கின் வாயை அவிழ்த்து ஒரு பொதியை எடுத்தாள். தாளை விலக்கியவள் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"சேச்சீ, இது துணியல்லல்லோ! இது டயப்பரல்லே?"

"துணிதான்," என்றாள் அம்மா. "உங்க வண்டியில சொன்னதாக்கும். பழய துணி எடுக்கும்னு சொன்னத எனக்க காதால கேட்டேன்."

"அது உடுக்குந்ந துணி சேச்சீ. சாரி, முண்டு, ஷர்ட்டு..."

"இதும் உடுக்கியதுதானே? எனக்க வீட்டுக்காரரு ராவும் பகலும் உடுத்திட்டு இருக்கியாரு."

இரண்டு சேச்சிமாரும் சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் சத்தமான சிரிப்பு. ரோட்டில் போன ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்தார். அம்மா விடவில்லை, துணி என்று சொல்லிவிட்டு எடுக்காமல் போவது என்ன நியாயம் என்று கேட்டாள். "ஞங்ஙள்க்கு இது எடுக்கான் பற்றூல்ல சேச்சீ," என்று, எடுக்க முடியாததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள்.

அடுத்த வீடு மாமியுடையது. மாமி சிரிக்கவில்லை. தன் வாசலில் தயாராக வைத்திருந்த ஒரு சிறிய சாக்கைக் காலால் தள்ளித் தள்ளிச் செம்பருத்திச் செடிக்குப் பின்னால் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். மாமிக்கு இரண்டு பெண்பிள்ளைகள்.

மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மாமி, உங்க வீட்டுலயும் துணியா?" என்று கேட்டேன்.

"சும்மா கெட பிள்ளே! ஒனக்க வாயி ஒரு மைக்செட்டு."

அந்த அளவில் அது சிரித்துவிட்டு மறக்கிற கதையாகப் போயிருக்கும். ஆனால் அப்பாவின் கட்டில் கிடக்கிற அறையின் சன்னல் கேட்டுக்கு நேராக இருந்தது. நான் உள்ளே போனபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

அன்று மத்தியானம் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர், அவருக்குப் பிடித்தது. சாயங்காலமும் தம்ளர் நிறைந்தே இருந்தது. கேட்டால், "தாகம் இல்ல மக்கா." மறுநாளும் தாகம் இல்லை. மாத்திரை விழுங்க ஒரு வாய், அவ்வளவுதான். உதடு வெடித்தது. துணி மாற்றப் போன அம்மா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அவ்வளவா நனையல. கொஞ்சம் இருக்கு, அதும் தேயிலச் சண்டி மாதிரி கறுத்து."

எனக்குப் பயம் வந்தது. போன மழைக்காலத்தில் இப்படித்தான் மூத்திரத்தில் கிருமி ஏறி, குளிர் நடுக்கிக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். நன்றாகத் தண்ணீர் குடிக்கவேண்டும், இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்து நேராகவே கேட்டேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் குடிச்சா ஒனக்க அம்மைக்கு வேல கூடும். அவ கேட்டுக்க கிட்ட நின்னு அப்பிடி... எனக்க துணிய வச்சு... வேண்டாம் மக்கா. கொறச்சு குடிச்சா கொறச்சு மாத்துனா போரும்."

"அப்பா, இது என்ன பஸ்ஸா? கூட்டம் கூடுதல்னு ஸ்டாப்புல நிறுத்தாம போறதுக்கு?"

உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. தண்ணீர் உள்ளே போகவில்லை.

அதற்கு அடுத்த நாள்தான் பாவக்காய்.

நான் படித்தது வேதியியல். டயப்பருக்குள் இருக்கிற அந்தத் தூள் தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி ஜெல்லாக வீங்கும், உப்புக் கரைசலில் வைத்தால் அதே தண்ணீரைத் திரும்ப விட்டுவிடும். பரீட்சையில் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த ஜெல்தான் எங்கள் விறகுப்புரையில் சாக்கு சாக்காக இருக்கிறது என்று மூளைக்கு எட்ட ஒரு பாவக்காய் வேண்டியிருந்தது!

பின்வாசலில் துவைக்கிற அலக்குகல் பக்கத்தில் வேலை தொடங்கியது. ரப்பர் கையுறை, பழைய கத்தரிக்கோல், ஒரு வாளி, அதன் வாயில் கட்ட ஒரு துண்டுக் கொசுவலை. அம்மா துவர்த்துத் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றாள். டயப்பரின் நடுவே நீளமாக வெட்டி உள்ளே இருப்பதை வாளியில் தட்டினேன். வீங்கின ஜவ்வரிசி மாதிரி பளபளவென்று விழுந்தது. பாயசத்தின் மேல் எனக்கு இருந்த ஆசை அன்றோடு சரி. இரண்டு கை கல்லுப்பு போட்டுக் கம்பால் கிளறினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"அடுப்புல உப்புமா கெடக்கு," என்று அம்மா நகரப் பார்த்தாள்.

"நில்லுங்கம்மா. கொஞ்சம்."

உப்பு கரையக் கரைய கம்பு இலகுவாகச் சுழன்றது. ஜெல் இளகியது. பிறகு சலசலவென்று தண்ணீராகவே ஆகிவிட்டது. கொசுவலை வழியாகக் கக்கூஸில் ஊற்றியபோது வலையில் மிஞ்சியது ஒரு கைப்பிடி ஈரப் பஞ்சு. அம்மா குனிந்து பார்த்தாள். வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பாவக்கா மாதிரியேல்லா இருக்கு!"

"பாவக்கா மாதிரியேதான்."

அவளுக்கும் ஆவேசம் வந்துவிட்டது. ஓடிப்போய் பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு வந்தாள். "இதயும் கொஞ்சம் போட்டா நாத்தமும் போவும்..." நான் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த காக்கை பறந்தது. மூத்திரத்தோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் நெஞ்சை அடைக்கிற வாயு கிளம்பும். அதைச் சொன்னதும் அம்மா டப்பாவை மதில்மேல் வைத்துவிட்டு, "படிக்க வச்சதுக்கு ஒரு பலன் உண்டு" என்றாள். நான் கல்லூரியில் முதல் மார்க் வாங்கியபோதுகூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

சாயங்காலம்வரை தலைகால் புரியவில்லை. அப்புறம் யோசித்தேன். சுருங்கின குப்பையும் குப்பைதான். அந்த ஜெல் மண்ணில் மட்காது, பிளாஸ்டிக் தோலும் மட்காது. சரியான உலையில், சரியான சூட்டில் எரிக்கவேண்டியது. நெய்யாற்றின்கரை நகராட்சிப் பகுதியில் இந்த மாதிரிக் கழிவுகளை மட்டும் எடுக்க மஞ்சள் கவரோடு ஒரு வண்டி வருகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். போன் செய்தேன்.

எடுத்தவர் மலையாளத்தில் விலாசம் கேட்டார். சொன்னேன். "அது பஞ்சாயத்தல்லே மோளே?" என்றார்.

"சாரே, ரோடு தாண்டினால் முனிசிபாலிட்டி." உண்மைதான். எங்கள் வீட்டு முன்னால் போகிற ரோடுதான் பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் எல்லை. வண்டி எதிர்ப்பக்க முக்குவரை வந்து திரும்புகிறது.

அவர் சிரித்தார். பிறகு அலுத்துக்கொண்டார். எதிர்ப்பக்கத்து வீடுகளிலேயே தகராறு. டயப்பர் கவர் ஒழுகி வண்டியெல்லாம் நாறுகிறது, டிரைவர் எடுக்கமாட்டேன் என்கிறார்.

"எங்களுடையது ஒழுகாது."

"ஒழுகாத்த டயப்பரோ?"

உப்புக் கதையைச் சொன்னேன். வேகமாகச் சொன்னேன் போலிருக்கிறது, இரண்டு தடவை நிறுத்திக் கேட்டார். கடைசியில், ஒரு வீட்டுக்காக நிறுத்தச் சொல்ல முடியாது, நாலைந்து வீடு சேர்ந்து முக்கில் கொண்டுவந்து கொடுத்தால் டிரைவரிடம் பேசிப் பார்க்கிறேன், ஆனால் ஒரு சொட்டு ஒழுகினால் அதோடு முடிந்தது என்றார்.

போனை வைத்த உடனே மாமி வீட்டுக்கு நடந்தேன். மாமி மரச்சீனிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சங்கதியைக் கேட்டதும் கத்தி நின்றுவிட்டது.

"நான் முக்குல, சாயாக்கட முன்ன நின்னு குடுக்கவா? மூத்தவளுக்கு இப்பதான் கல்யாணம் பேசியிருக்கு."

"மாமி, மாப்பிள்ளை வீட்டுலயும் பொம்பளைங்க இருப்பாங்கல்லா?"

மாமி யோசித்தாள். "இருப்பாவ... அவ்வோ எங்க கொண்டு போடுவாவளோ."

"அதான்."

"நானும் இத வெட்டி உப்பு போடணுமா?"

"வேண்டாம் வேண்டாம். ரத்தம் பட்டத வெட்டவே கூடாது. தாள்ல நல்லா சுருட்டி, கவர்ல போட்டு, வாயக் கெட்டினா போரும். எங்க வீட்டுலதான் தண்ணி பிரச்சனை."

மாமி எழுந்து மதிலோரமாகவே நடந்து நாலைந்து வீட்டுக்குப் போய்வந்தாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. "துணி" என்று மட்டும் கேட்டிருப்பாள். வேறு விளக்கம் யாருக்கும் தேவைப்படாது. திரும்பி வந்தவளின் முகம் ஒரு மாதிரி இருந்தது. "எல்லாவளும் அண்ணைக்குத் துணி கெட்டி வச்சிருந்திருக்கியாளுவ பிள்ளே. ஒனக்க அம்மைக்க கூத்தக் கேட்டுட்டு உள்ள எடுத்துப் போட்டாளுவளாம்."

வண்டி வருகிற நாள் காலையில் அம்மா சீக்கிரமே எழுந்துவிட்டாள். கவர்களை மூன்று தடவை கவிழ்த்துப் பார்த்தாள். மாமி ஆராதனைக்குப் போகிறவள்போல் நல்ல சேலை கட்டி, குடையோடு வந்து முன்னால் நடந்தாள். சாயாக்கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மாமி அவர்களைத் திரும்பப் பார்த்தாள். அவர்கள் பத்திரிகைக்குள் போய்விட்டார்கள்.

டிரைவர் இறங்கினார். முகத்தில் நம்பிக்கை என்று ஒன்றும் இல்லை. எங்கள் கவரைத் தூக்கி, அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையுறை காய்ந்தே இருந்தது. மறுபடி குலுக்கினார்.

"ஒழுகுந்நில்லல்லோ!"

அவ்வளவு நேரம் எனக்குப் பின்னால் நின்ற அம்மா முன்னால் வந்தாள். தனக்குத் தெரிந்த மலையாளத்தில் பாவய்க்காயில் ஆரம்பித்து பிளீச்சிங் பவுடர்வரை முழுப் பாடத்தையும் நடத்தினாள். டிரைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லா வீட்டுக் கவர்களையும் ஏற்றி, அடுத்த வாரமும் இதே இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டுப் போனார். வண்டி திரும்பி மறைந்தது. அப்புறம் எல்லாரும் ஒன்றாகப் பேசினோம். வீட்டுக்கு வருகிற வழியில் அம்மா இரண்டு கையையும் வீசி நடந்தாள். அவள் வெறுங்கையோடு நடந்து நான் பார்த்தே வெகுகாலமாகியிருந்தது.

அப்பா இப்போது சன்னல் பக்கம் திரும்பிக் கிடந்தார்.

"எடுத்தானா?"

"எடுத்தான்."

"என்னமும் சொன்னானா?"

"அடுத்த வாரமும் வரச் சொன்னான். எனக்கிட்ட பாடம் கேட்டான்," என்றாள் அம்மா. "ஆறு வீட்டு துணி ஏத்தியிருக்கியான். உங்க துணி மட்டுமில்ல."

"ஆறு வீடா?" அப்பா தலையைத் தூக்கினார். யார் யார் வீடு என்று கேட்டார். அம்மா சொல்லமாட்டேன் என்றாள். அவர் ஊகித்துச் சொல்ல, அவள் இல்லை இல்லை என்று தலையாட்ட, எனக்குப் பொறுமை போய்விட்டது. தம்ளரை நீட்டினேன்.

அப்பா அதை இடது கையால் வாங்கினார். கொஞ்சம் மார்பில் சிந்தியது. அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, நிறுத்தாமல் குடித்தார். தம்ளரைத் திருப்பிக் கொடுத்து, "இன்னும் தா," என்றார். இரண்டாவதையும் குடித்தார்.

"பய்ய குடியுங்க. வண்டி அடுத்த வாரந்தான் வரும்," என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். சிரித்ததில் புரையேறி, முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று. நான் வெளியே வந்து அலக்குகல்லில் உட்கார்ந்தேன். இரண்டு நாளில் அவர் உதடு சரியாயிற்று. துணி கனத்தது. அம்மா அதைத் தூக்கிக் காட்டி, "பாத்தியா!" என்று பெருமைப்பட்டாள்.

குறை இல்லாமல் இல்லை. இவ்வளவு உப்பு தினமும் செப்டிக் டாங்குக்குள் போனால் அங்கே வேலை செய்கிற நுண்ணுயிர்கள் என்னவாகும் என்ற கேள்வி என்னை அரிக்கிறது. உப்பைக் குறைத்துக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுண்ணாம்புச் சத்துள்ள வேறு உப்பு ஏதாவது கொஞ்சமாகப் போட்டாலே போதுமா என்றும் பார்க்கவேண்டும்.

இதற்கிடையில் என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி இதைக் கேள்விப்பட்டுப் போன் செய்தாள். பூவார்ப் பக்கம் கடற்கரையில் இருக்கிறாள். கணவன் மீன்பிடிக்கப் போனால் திரும்ப நாளாகும். படுக்கையில் இருக்கிற மாமியாரை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். "இஞ்ச மண்ண ரெண்டு கை தோண்டினா வெள்ளம் வருது. எங்க கொண்டு பொதைக்க? ஒனக்க உப்பு வித்த எனக்கும் காட்டித் தா," என்றாள். சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் தோன்றியது: கடற்கரையில் உப்பை எதற்குக் கடையில் வாங்கவேண்டும்? கடல்தண்ணீரில் உப்போடு சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கலந்தே கிடக்கிறது. ஜெல் இன்னும் வேகமாகச் சுருங்கவேண்டும். சுருங்குமா, எவ்வளவு நேரம் ஆகும், வடிகிற தண்ணீரைக் கடலில் விடாமல் எங்கே விடுவது, அந்தப் பக்கம் வண்டி எதுவரை வருகிறது, ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கையுறையும் கொசுவலையும் எடுத்துக்கொண்டு போகிறேன். போனதும் முதலில் ஒரு வாளிக் கடல்தண்ணீர் கோரவேண்டும்.